பதினான்காவது சூரியன்

கச்சேரி ரோட்டிலிருந்த சர்வஜன ஞானாபிவிருத்தி வாசகசாலையில், 1942-ஆம் ஆண்டு சித்திரை மாதம் வரை, சூரியனைப் பற்றி எவருக்கும் புகார் இருந்ததில்லை. அது கிழக்கு ஜன்னல் வழியாகக் காலை ஏழு மணிக்கு உள்ளே வரும். பத்து மணிக்குப் பத்திரிகை மேசையை விட்டு விலகும். உறுப்பினராகச் சேராமலே பத்தொன்பது ஆண்டுகளாக ஒருநாள் தவறாமல் வந்துபோன ஒரே வாசகர் அதுதான் என்று நூலகர் ஸ்தனிஸ்லாஸ் எப்போதாவது நினைத்துக்கொள்வதுண்டு. நினைப்பதோடு சரி. வேடிக்கையாகப் பேசுவது அவருடைய பணி விதிகளில் இல்லை.

அவருடைய பணி எண்ணுவது. வாசகசாலையில் இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு நூல்கள் இருந்தன. ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும், வலது மூலையில், தண்ணீர் பட்டாலும் கரையாத கறுப்பு மையால் அவர் எண் இட்டிருந்தார். அந்த மையைப் பாரிமுனைக் கடையொன்றுக்குத் தாமே போய் வாங்கி வருவார். அவருடைய எண்கள் அச்செழுத்தைவிட நேராக நிற்கும். அவருடைய ஆண்டுக் கணக்கெடுப்பில் இதுவரை எவரும் பிழை கண்டதில்லை. காண எவரும் முயன்றதுமில்லை. நிர்வாகக் குழுவினர் கை வைத்த நாற்காலிகளில் அமர்ந்து கூட்டம் நடத்துகையில், அவர் பதிவேட்டை ஏந்தியபடி சுவரோரம் நிற்பார். பத்தொன்பது ஆண்டுகள் அப்படியே நின்றார்.

அந்தச் சித்திரையில், ஜப்பான்காரன் வருகிறான் என்று நகரம் பாதி காலியாகிக்கொண்டிருந்தது. எழும்பூரில் ரயில் ஏற இடமில்லை. மயிலாப்பூரில் வீடு குடியிருக்க ஆளில்லை. அப்படி ஊரை விட்டுப் புறப்பட்டவர்களில் ஒருவரான டோரதி, சாந்தோமில் ஒரு பெண்கள் பள்ளியின் ஆசிரியை, ரயிலுக்கு முந்தின நாள் காலையில் வாசகசாலைக்கு வந்தார். கையில் காலிகோ துணியால் அட்டை கட்டிய ஒரு நோட்டுப்புத்தகம் இருந்தது.

"ஸ்கூலை வேலூர்ப் பக்கம் மாத்துறாங்க சார். அம்மாவையும் கூட்டிட்டுப் போறேன். ட்ரங்க் பெட்டியில வெச்சு, அது வழியில தொலைஞ்சிடுச்சுன்னா, இன்னொண்ணு கிடையாது. நீங்க வெச்சிருக்கீங்களா?"

ஸ்தனிஸ்லாஸ் அட்டையைத் திறந்தார். 'அடுக்களைச் சூரியன்' என்று நீல மையில் எழுதியிருந்தது. டோரதியின் வீட்டு அடுக்களைக் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு உண்டு. அதன் வழியாகத் தரையில் விழும் வெயில் கட்டத்தை ஓராண்டு முழுவதும், நாள் தவறாமல், அவருடைய தாயார் சுண்ணாம்பால் குறித்தார்; மகள் விரற்கடையால் அளந்து எழுதினார். தை மாதத்தில் வெயில் அம்மியைத் தொட்டால் உலையை ஏற்று. ஆனியில் அது நிலைப்படிக்கு இரண்டு விரல் இப்பால் நின்றால் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பு. கடிகாரம் வாங்க வழியில்லாத வீட்டுப் பெண்களுக்கான நூல் அது. மாதத்திற்கு ஒரு படம், பன்னிரண்டு படங்கள். காகிதம் கிடைத்ததும் அச்சிடுவதாக ஓர் அச்சகத்தார் வாக்களித்திருந்தார்.

"ரிஜிஸ்டர்ல ஏத்த மாட்டேன், டீச்சர். இது லைப்ரரி புஸ்தகம் இல்ல, உங்களோடது. என் டிராயர்ல இருக்கும். சாவி என் இடுப்புல இருக்கும்."

"உங்ககிட்ட இருந்தா எனக்குத் தூக்கம் வரும் சார்" என்று சொல்லிவிட்டு டோரதி போனார். ஸ்தனிஸ்லாஸ் இழுப்பறையைப் பூட்டி, பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்த்தார்.

அதே வாரத்தில் வாசகசாலையின் தலைவர் ராவ் சாகிப் சந்திரமௌலி ஐயருக்கு ஒரு யோசனை தோன்றியது. அவர் ஓய்வுபெற்ற டெபுடி கலெக்டர். அடுத்த உயர்ந்த பட்டமான ராவ் பகதூர் ஆக வேண்டும் என்பது அவருடைய எஞ்சிய ஒரே லௌகிக ஆசை. யுத்த முயற்சிக்கென நகரில் புதிதாகத் திறந்திருந்த ஓர் அலுவலகத்துக்கு அவர் எழுதினார்: எதிரியின் கொடியில் சூரியன் இருக்கும் இந்நாளில், தலைப்பில் சூரியனைத் தாங்கிய நூல்களை ஒரு வாசகசாலை வைத்திருக்கலாமா? நான்காம் நாள் அச்சடித்த அட்டை ஒன்று வந்தது. 'தங்கள் கடிதம் கிடைத்தது. கவனிக்கப்பட்டது.'

"கவனிக்கப்பட்டதுன்னு போட்டிருக்கான் பாரும்!" என்றார் தலைவர், அட்டையை மூக்குக் கண்ணாடிக்கு அருகில் பிடித்தபடி. "சும்மா இல்லே. கவனிச்சிண்டிருக்கான்!"

உடனே நிர்வாகக் குழு கூட்டப்பட்டது. கூட்டம் செல்லுபடியாக மூவர் வேண்டும். ஏழு உறுப்பினர்களில் ஐவர் ஊரைவிட்டு ஓடியிருந்தனர். ஓடியவர்கள் தாங்கள் ஓடவில்லை, முன்கூட்டியே கோடை விடுமுறையில் செல்கிறோம் என்று கடிதம் எழுதியிருந்தனர். மிஞ்சியவர்கள் தலைவரும், செயலாளரான வக்கீல் ஹனீஃபாவும். வக்கீல் விதிப்புத்தகத்தைப் புரட்டி, மூன்றாமவரைத் தற்காலிகமாக நியமிக்க இடமிருப்பதைக் கண்டுபிடித்தார்.

"ஓய் ஸ்தனிஸ்லாஸ், நின்னுண்டே இருந்தா எப்படி? உக்காரும். இன்னிலேர்ந்து நீரும் மெம்பர்."

ஸ்தனிஸ்லாஸ் உட்கார்ந்தார். கை வைத்த நாற்காலி. கைகளை அதன் கைகள்மேல் வைப்பதா, மடியில் வைப்பதா என்று சிறிது நேரம் குழம்பினார்; பிறகு வைத்தார். தேக்கு மரம் குளிர்ச்சியாக இருந்தது. பத்தொன்பது ஆண்டு முழங்கால் வலி அந்தக் கணத்தில் விலகியதை அவர் பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்க்க நேர்ந்தது.

தலைவர் எழுந்து பேசினார். "ஜப்பான்காரன் கொடியில என்ன இருக்கு? சூரியன். நம்ம அலமாரியில என்ன இருக்கு? சூரியன். நாளைக்கு ஒரு வெள்ளைக்காரர் உள்ளே நுழைஞ்சு பாத்தா என்ன நினைப்பார்? இவாளும் அவாளும் ஒண்ணுன்னு நினைக்க மாட்டாரா? நான் யாருக்கும் பயந்து சொல்லலே. பயந்து நடந்துக்கணும்னு சட்டம் வர்றதுக்கு முன்னாடியே நாம பயந்துட்டோம்னா, அப்புறம் நம்மளை யாரும் பயமுறுத்த முடியாதோல்லியோ?"

வக்கீல் இதைக் குறிப்பேட்டில் 'தலைவர் துணிவுடன் பேசினார்' என்று பதிந்தார்.

பட்டியல் தயாராயிற்று. 'சூரியனும் செரிமானமும்', 'சூரியபுரத்து இளவரசி', 'சூரியமூர்த்தியின் துப்பறியும் அனுபவங்கள்', 'சூரியகாந்திச் சாகுபடி' என்று வரிசை நீண்டது. சூரியகாந்தியில் மட்டும் வக்கீலுக்கு ஓர் ஐயம் எழுந்தது.

"இது பூவாச்சே. சேர்க்கணுமா?"

"பூதான். ஆனா அது காலம்பற எந்தப் பக்கம் திரும்பிண்டு நிக்கறது? அதைப் பாரும்!" என்றார் தலைவர். பூ சேர்க்கப்பட்டது.

"ஐயா," என்றார் ஸ்தனிஸ்லாஸ். உட்கார்ந்துகொண்டு பேசுவது அவருக்குப் புதிதாகையால் குரல் சற்று உயரத்திலிருந்து வருவதுபோல் அவருக்கே தோன்றியது. "செரிமான நூலில் வெயிலில் நடந்தால் மலச்சிக்கல் தீரும் என்றுதான் இருக்கிறது."

வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு நிமிஷம். தீர்மானத்துல 'தலைப்பில் சூரியன் உள்ள நூல்கள்'னுதான் போட்டிருக்கு. உள்ளே என்ன இருக்குங்கிறதைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. திறந்து படிக்கிறது அதிகார மீறல். நீங்க படிச்சீங்களா?"

"அட்டையைப் பார்த்தால் அப்படித் தோன்றுகிறது என்றேன்" என்றார் ஸ்தனிஸ்லாஸ். அந்த நூலை அவர் இரண்டு முறை படித்திருந்தார். காலையில் கடற்கரைக்கு நடப்பதே அதைப் படித்த பிறகுதான்.

அலுவலகத்துக்கு அனுப்ப ஓர் உறுதிமொழி எழுதப்பட்டது. வக்கீல் உரக்க வாசித்தார்: "மேற்படி வாசகசாலைக் கட்டிடத்தினுள், தலைப்பில் சூரியன் உள்ள நூல்கள் பதின்மூன்றே அன்றி வேறில்லை என்று நூலகராகிய நான் இதனால் உறுதி கூறுகிறேன்." பிறகு தாளை ஸ்தனிஸ்லாஸ் முன் தள்ளினார்.

ஸ்தனிஸ்லாஸ் பேனாவை மையில் தோய்த்தார். மை தாளைத் தொடவில்லை.

"பதினான்கு" என்றார்.

அந்தச் சொல் வாயை விட்டுப் போன பின்புதான் அதன் பொருள் அவருக்கு எட்டியது. எவரும் அவரைக் கேட்கவில்லை. இழுப்பறையைத் திறக்கச் சொல்லவில்லை. பதின்மூன்று என்று ஒப்பமிட்டிருந்தால் உலகில் எந்த நூலுக்கும் குறை வந்திராது. பழக்கம்தான் அப்படிச் சொல்ல வைத்தது என்று பின்னாளில் அவர் தம்மிடமே வாதாடினார். ஆனால் அந்த வாதம் முழு உண்மையன்று என்பது வாதாடியவருக்கே தெரியும். கை வைத்த நாற்காலியில் அமர்ந்து, தலைவரையும் வக்கீலையும் ஒரே சொல்லால் திருத்தியபோது, அவ்விருவரும் முதன்முறையாக அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வை அவருக்குப் பிடித்திருந்தது.

"அது வாசகசாலை நூல் அல்ல, ஐயா" என்று அவசரமாகச் சேர்த்தார். "டோரதி டீச்சருடைய கையெழுத்துப் பிரதி. பாதுகாப்புக்காகக் கொடுத்திருக்கிறார். ஒரே பிரதி."

"கட்டிடத்துக்குள்ள இருக்கா, இல்லையா?" என்றார் வக்கீல்.

"இருக்கிறது."

"அப்போ பதினாலு."

"சபாஷ்!" என்று தலைவர் மேசையைத் தட்டினார். "மனுஷன்னா இப்படின்னா இருக்கணும்! எழுதும், ஹனீஃபா. நூலகருக்குப் பாராட்டுத் தீர்மானம்."

பாராட்டு ஒருமனதாக நிறைவேறியது. உறுப்பினர் என்ற முறையில் ஸ்தனிஸ்லாஸும் அதற்குக் கை தூக்க வேண்டியிருந்தது. அன்று மாலை அவர் இழுப்பறையைத் திறந்து, டோரதியின் நோட்டுப்புத்தகத்தின் முதல் பக்கத்தில், வலது மூலையில், கரையாத கறுப்பு மையால், பட்டியலின்படி 14 என்று எண் இட்டார். மிக நேராக வந்தது.

பட்டியல் அலுவலகத்துக்குப் போயிற்று. அதே அட்டை வந்தது. 'தங்கள் கடிதம் கிடைத்தது. கவனிக்கப்பட்டது.'

"மறுபடியும் கவனிச்சிருக்கான்" என்றார் தலைவர், முகம் வெளுத்து. "பட்டியல் போட்டா மட்டும் போதாதுன்னு ஜாடையாச் சொல்றான்."

நகரில் அப்போது இருட்டடிப்பு அமலில் இருந்தது. விளக்கொளி வெளியே கசியாதபடி ஜன்னல்களுக்குக் கறுப்புத் தாள் ஒட்டுவது எல்லா வீட்டிலும் கட்டாயம். ஜன்னலுக்கு ஒட்டுவதைச் சூரியனுக்கு ஒட்டக் கூடாதா என்று வக்கீல் கேட்டார். பதினான்கு நூல்களின் முதுகிலும் முகப்பிலும் கறுப்புத் தாள் ஒட்டப்பட்டது. ஒட்டியவர் ஸ்தனிஸ்லாஸ். ஓரங்கள் ஒரு நூலிழைகூடப் பிசகவில்லை.

இதன் விளைவை எவரும் எதிர்பார்க்கவில்லை. பதினோராண்டுகளாக எவரும் தொடாத 'சூரியகாந்திச் சாகுபடி'க்கு ஒரே வாரத்தில் ஒன்பது பேர் பெயர் கொடுத்தார்கள். ஓய்வுபெற்ற பெரிய மனிதர்கள் அங்கவஸ்திரத்தால் வாயை மூடிக்கொண்டு, "அந்தக் கறுப்பு அட்டைப் புஸ்தகம் ஒண்ணு கிடைக்குமா?" என்று காதோடு கேட்டார்கள். திருப்பிக் கொண்டுவந்தபோது அவர்கள் முகத்தில் ஆழ்ந்த ஏமாற்றம் இருந்தது. ஒருவர் ஸ்தனிஸ்லாஸைத் தனியே அழைத்தார்.

"மூணு தடவை படிச்சுட்டேன், சார். விதை, எரு, தண்ணி. கடைசிப் பக்கம் வரைக்கும் ஒண்ணுமே வரலையே?"

"அவ்வளவுதான் ஐயா, அதில் இருப்பது."

"புரியறது. நீங்க சொல்ல முடியாது" என்று அவர் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனார்.

எதிரிப் பிரசாரம் மயிலாப்பூரில் வேரூன்றிவிட்டது என்று குழு முடிவு செய்தது. இனி நூல்களை ஒழிப்பதொன்றே வழி. எரிக்கலாம் என்றார் தலைவர். புகையை விமானத்திலிருந்து அடையாளமாகக் கொள்ளக்கூடும் என்றார் வக்கீல். சாந்தோம் கடலில் போடலாம் என்றபோது, மிதந்து போய் எதிரிக் கப்பலில் சேர்ந்தால் அது எதிரிக்குப் பொருள் வழங்கிய குற்றமாகும் என்று சட்டப் பிரிவு காட்டப்பட்டது. புதைப்பது பற்றியும் பேசினார்கள். சாகுபடி நூலை மண்ணில் போடுவது குறித்துத் தலைவருக்கு இனம் தெரியாத கலக்கம் இருந்தது. இறுதியில் வாசகசாலையின் பைண்டரான பீர் முஹம்மதிடம் கொடுத்துவிடுவதென்று தீர்மானமாயிற்று. யுத்த காலத்தில் அட்டை கிடைப்பதில்லை. பழைய தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசையிட்டு ஒட்டித்தான் அவர் அட்டை செய்துவந்தார். அந்த அட்டையைக் கொண்டு குழுவின் நடவடிக்கைக் குறிப்பேட்டை நன்றாகக் கட்டித் தர வேண்டும் என்றும் தீர்மானம் கூறியது. மூவரும் கை தூக்கினார்கள். ஸ்தனிஸ்லாஸின் கை மற்றவற்றைவிடச் சற்றுத் தாழ்வாக இருந்தது. ஆனால் குறிப்பேட்டில் உயரம் பதியப்படுவதில்லை.

மறுநாள் காலை பீர் முஹம்மது சைக்கிளில் வந்தார். புத்தகக் கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தவர், ஒன்றின் பின்புறத்தில் காலிகோ அட்டையைக் கண்டதும் நிறுத்தினார்.

"இன்னா சார் இது? இது நம்ம டீச்சரம்மா நோட்டாச்சே! நான்தான் கட்டிக் குடுத்தேன். இதுவும் பசைக்கா?"

"பட்டியலில் இருக்கிறது, பாய்."

"அட, இன்னா சார் நீ! இத்த எட்த்து உள்ள போடு. என்கிட்ட பழைய பஞ்சாங்கம் ஒண்ணு கீது. அத்த சேத்து ஒட்டிட்றேன். எவன் வந்து பாக்கப் போறான்?"

ஸ்தனிஸ்லாஸின் கை காலிகோ அட்டையின்மேல் இருந்தது. பத்திரிகை மேசைமேல் வெயில் விழுந்திருந்தது. வாசகசாலையில் அவர்களிருவரைத் தவிர ஒருவருமில்லை.

"எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும்" என்றார்.

"எண்ணிக்கை சரியாத்தான் சார் கீது. அதான் பஞ்சாங்கம் தரேன்றேனே!"

"ரசீதில் தலைப்போடு எழுத வேண்டும். பஞ்சாங்கத்தை எப்படி எழுதுவது?"

பீர் முஹம்மது அவரைச் சிறிது நேரம் உற்றுப் பார்த்தார். "நீ இன்னா சார், புஸ்தகக்காரனா, போலீஸ்காரனா?" என்று கேட்டுவிட்டு, விடைக்குக் காத்திராமல் கட்டைச் சைக்கிளில் வைத்துக் கட்டினார். ரசீதில் கைநாட்டுப் போடும்போது, "எனக்கு எழுத்து தெரியாது சார். நல்லதாப் போச்சு" என்றார்.

டோரதி 1943 தை மாதம் திரும்பி வந்தார். தாயார் வேலூரிலேயே காலமாகிவிட்டார். சாந்தோம் வீட்டில் கண்ணாடி ஓடும் இல்லை. அடுக்களை வெளிச்சம் வானத்துக்குத் தெரிகிறதென்று இருட்டடிப்பு வார்டன் சொல்லி, வீட்டுக்காரர் அதை எடுத்துவிட்டு மண் ஓடு வைத்திருந்தார். இந்த இரண்டையும் அவர் வாசகசாலை வாசலில் நின்று, வேறு யாருக்கோ நடந்ததைப்போல் சொன்னார்.

"அந்த நோட்டு ஒண்ணுதான் சார் மிச்சம். அம்மா போட்ட கோடெல்லாம் அதுலதான் இருக்கு."

"பைண்டர்கிட்ட போயிருக்கு, டீச்சர்" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

அது பொய்யன்று. ஒரு சொல்கூடப் பிழையில்லை. அதைவிட இழிந்த வாக்கியத்தை அவர் தம் வாழ்நாளில் அமைத்ததில்லை.

"அட்டை பிரிஞ்சிருந்துச்சா? பாவம், நீங்களா பாத்துக் குடுத்தீங்களா?" என்று டோரதி நன்றி சொன்னார். அச்சகத்துக்குக் காகிதம் வந்தால் சொல்லி அனுப்புவதாகவும் அவசரமில்லை என்றும் கூறினார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேட்பார். பாய் ஊரில் இல்லை, பசை இல்லை, மழைக்காலம் என்று விடைகள் மாறின. இவற்றிலும் பெரும்பாலானவை உண்மைகளே.

ஞாயிறுதோறும் டோரதி சாந்தோம் கோவிலில் ஆறரை மணிப் பூசைக்கு வருவார். ஸ்தனிஸ்லாஸ் ஐந்தரை மணிப் பூசைக்கு மாறிக்கொண்டார். பங்கு மக்கள் அவருடைய பக்தி கூடிவிட்டதாகப் பேசிக்கொண்டார்கள். குருவிடம் பாவங்களைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத் தொட்டியருகே மண்டியிட்டபோது, பத்துக் கட்டளைகளில் இது எதன்கீழ் வரும் என்று அவருக்கு விளங்கவில்லை. களவன்று; அவர் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. பொய்ச்சாட்சியன்று, மெய்யைத்தான் சொன்னார். வகைப்படுத்த முடியாததைப் பதிவு செய்யும் வழக்கம் அவருக்கு இல்லாமையால், சாப்பாட்டில் உப்புக் குறைந்ததற்காகக் கோபப்பட்டதைச் சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

யுத்தம் முடிந்தது. 1947-இல் சுதந்திரம் வந்தது. சந்திரமௌலி ஐயர் கதருக்கு மாறினார். வாசல் பலகையிலிருந்து 'ராவ் சாகிப்' என்பதைச் சுரண்டினார். சுரண்டிய இடம் பட்டத்தைவிடப் பெரிதாகத் தெரிந்தது. புதிய ஆட்சி வாசகசாலைகளுக்கு ஆதரவு தரப்போகிறது என்ற செய்தி வந்ததும் அவர் குழுவைக் கூட்டினார்.

"சுதந்திர சூரியன் உதிச்சாச்சு. நாம ஒரு சூரிய நூல் விழா நடத்தணும். 1942-லேயே சூரிய நூல்களுக்குன்னு தனிக் குழு போட்ட வாசகசாலை இந்த ராஜதானியில வேற எது? வெள்ளைக்காரன் நம்மளைக் கவனிச்சிண்டே இருந்தான். அட்டையெல்லாம் வெச்சிருக்கேன்."

"நூல்கள் இல்லையே, ஐயா" என்றார் ஸ்தனிஸ்லாஸ். ஓடிய உறுப்பினர்கள் திரும்பிவிட்டதால் அவர் மீண்டும் சுவரோரம் நின்றிருந்தார்.

வக்கீல் ஹனீஃபா பழைய தீர்மானத்தைப் படித்துப் பார்த்தார். குழு எந்நாளும் தலைப்புகளை மட்டுமே கையாண்டுள்ளது. எனவே தலைப்புகளை வைத்தாலே போதும் என்று கருத்துரைத்தார். பதினான்கு தலைப்புகளையும் தடித்த அட்டைகளில் ஸ்தனிஸ்லாஸ் எழுதினார். அவை வெறும் மேசைமேல் வரிசையாக நிறுத்தப்பட்டன. வட்டாரத்தில் சூரிய நூல் எழுதியவர் என்ற முறையில் டோரதிக்கு அழைப்புப் போயிற்று. அழைப்பிதழில் முகவரி எழுதியதும் ஸ்தனிஸ்லாஸ்தான்.

விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு. நாற்பது நாற்காலிகள் போட்டிருந்தார்கள்; முப்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். டோரதி முன்வரிசையில் அமர்ந்திருந்தார். பதினான்காம் அட்டையைப் பார்த்து, அதன் பின்னால் நூல் இருக்கிறதா என்று சற்று எட்டிப் பார்த்தார். பிறகு சுவரோரம் நின்ற ஸ்தனிஸ்லாஸைப் பார்த்துப் புன்னகை செய்தார். இன்றைக்குத் தருவதற்காகத்தான் வைத்திருக்கிறார் என்று நினைத்த புன்னகை அது.

தலைவர் குறிப்பேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பேசினார். "நாங்க சூரியனை மறைச்சோம்னு சில பேர் சொல்றா. இல்லே. போர்த்தி வெச்சோம். பாதுகாக்கறதுக்கு வேற வழி என்ன? இதோ, இந்தப் பதினாலாவது புஸ்தகம். இது எப்படிக் கெடச்சது தெரியுமோ? ரிஜிஸ்டர்லே கெடையாது, டிராயர்லே பூட்டி இருந்தது. நாங்க பதிமூணுன்னு கையெழுத்துப் போட இருந்தோம். நம்ம ஸ்தனிஸ்லாஸ் வாயைத் திறந்திருக்கலேன்னா அப்படி ஒண்ணு இருக்கறதே எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது! அதுக்கு அப்பவே பாராட்டுத் தீர்மானம் போட்டிருக்கோம். வாசிக்கறேன்: 'எவரும் கேளாதிருக்கையிலேயே தாமாக முன்வந்து எண்ணிக்கையைத் திருத்திய நூலகரின் நேர்மையைக் குழு மெச்சுகிறது. மேற்படி பதினான்கு நூல்களையும் அழித்து அட்டை செய்யத் தீர்மானிக்கப்பட்டது.'"

இரண்டாம் வாக்கியத்தை வாசிக்க அவர் நினைத்திருக்கவில்லை. அது பிந்தைய கூட்டத்துத் தீர்மானம்; யுத்தகாலக் காகிதச் சிக்கனத்தில் வக்கீல் அதையும் அதே பத்தியில் சேர்த்து எழுதியிருந்தார்.

சபை கைதட்டியது. டோரதியும் மற்றவர்களோடு சேர்ந்து தட்டத் தொடங்கினார். மூன்றாம் தட்டலுக்கு முன் கைகள் நின்றுபோய், சேர்ந்தபடியே மடியில் இறங்கின.

எல்லோரும் பானகத்துக்குப் போன பிறகு அவர் மேசையருகே வந்தார்.

"பைண்டர்கிட்ட போயிருக்குன்னீங்களே, சார்."

"போச்சு, டீச்சர்."

"திரும்பி வந்துச்சா?"

ஸ்தனிஸ்லாஸ் குறிப்பேட்டை எடுத்தார். ஐந்தாண்டுப் புழக்கத்தில் அதன் அட்டை மூலை பிரிந்திருந்தது. காகிதக் கத்தியை நுழைத்து அவர் நெம்பினார். வாசகசாலைப் பொருளை அவர் சேதப்படுத்தியது வாழ்நாளில் அதுவே முதல்முறை. தாள்கள் ஒவ்வொன்றாகப் பெயர்ந்தன. எரு இடும் முறை. மலச்சிக்கல். இளவரசியின் மூர்ச்சை. அவற்றினடியில் கோடு போட்ட நோட்டுத்தாள் ஒன்று வந்தது.

டோரதி அதை வாங்கி ஜன்னல் பக்கம் உயர்த்திப் பிடித்தார். பள்ளிக்கூட மை, பசையில் ஊறிக் கரைந்து, தாள் முழுவதும் வெளிறிய நீலமாகப் பரவியிருந்தது. ஓர் எழுத்துமில்லை. வலது மூலையில் மட்டும், கறுப்பாக, நேராக, 14 என்று இருந்தது.

"உங்க கையெழுத்து மட்டும் அப்படியே இருக்கு, சார்" என்றார்.

"டீச்சர்..." என்று ஸ்தனிஸ்லாஸ் தொடங்கினார். பிழையற்ற ஒரு வாக்கியத்துக்காகத் தேடினார், கிடைக்கவில்லை.

டோரதி தாளை மேசைமேல் வைத்தார். அங்கே வெயில் விழுந்திருந்தது. அவருடைய விரல்கள், பழக்கத்தால், மேசை விளிம்பிலிருந்து வெயில் ஓரம்வரை ஒன்று, இரண்டு, மூன்று என்று அளக்கப் போயின. பாதியில் கையை இழுத்துக்கொண்டு, படியிறங்கிப் போய்விட்டார்.

தலைவர் வாயைத் துடைத்தபடி வந்தார். பிய்ந்த அட்டையை அவர் கவனிக்கவில்லை. "ஓய், விழா நடவடிக்கையை எழுதிடும். புது கவர்மெண்டுக்கு அனுப்பணும். எத்தனை பேர் வந்திருந்தா?"

ஸ்தனிஸ்லாஸ் பெயர்ந்த தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"எண்ணலையா? பரவால்லே. இருநூறுன்னு போடும்."

ஸ்தனிஸ்லாஸ் பேனாவைக் கரையாத மையில் தோய்த்து, இருநூறு என்று எழுதி, கீழே ஒப்பமிட்டார். எழுத்து வழக்கம்போல் நேராகவே வந்தது.